மாதம் 2,400 ரூபாய்க்கு வீட்டிலேயே கண்காணிப்பு: தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

வீட்டிலேயே பிரஷர், எடை எல்லாம் அளந்து தூரத்தில் இருக்கிற நர்ஸுக்கும் டாக்டருக்கும் அனுப்புகிற இந்த மாதிரிச் சேவைகளை வயசானவர்களிடம் யாரும் விற்பதில்லை, வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருக்கிற பிள்ளைகளிடம்தான் விற்கிறார்கள். அதனால் இணையத்தில் தேடினால் கிடைக்கிற விமர்சனமெல்லாம் பணம் கட்டின பிள்ளை எழுதியதாகவே இருக்கிறது, ஐந்து நட்சத்திரம், 'நிம்மதியாகத் தூங்குகிறேன்' என்று ஒரு வரி. கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு தினம் காலையில் மிஷின் முன்னால் உட்காருகிறவர்கள் எழுதியது ஒன்றும் என் கண்ணில் படவில்லை. எனக்கு 69, வீட்டுக்காரருக்கு 74. அவருக்கு இதயம் பம்ப் பண்ணுகிற சக்தி குறைவு, எனக்குப் பிரஷரும் சுகரும். தோஹாவில் இருக்கிற மகன் போன வருஷம் இந்தச் சேவையை எடுத்துக் கொடுத்தான். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லப் போகிற குறை பாதிக்கு மேல் எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவிலேயே வேறு கம்பெனி வைத்திருக்கிறவர்கள் இரண்டு வீடு உண்டு, அவர்கள் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பெட்டியில் வந்தது இவ்வளவுதான்: பிரஷர் மிஷின், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் (கொரோனா காலத்தில் வாங்கினது ஏற்கெனவே அலமாரியில் கிடக்கிறது), எடை மிஷின், விழுந்தால் தானாகத் தகவல் போகும் என்கிற கைப்பட்டை, அப்புறம் இது எல்லாவற்றிலிருந்தும் அளவை வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புகிற ஒரு டப்பா. டப்பாவுக்குள் சிம் இருக்கிறது, வைஃபை தேவையில்லை. மாதம் 2,400 ரூபாய், முன்பணம் 6,000. சுகர் சென்சார் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பையன் பைக்கில் வந்து மாட்டிக் கொடுத்தான். நல்ல பையன், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தான், சாயா குடித்தான், மறுபடியும் கூப்பிட்டால் வருவேன் என்று நம்பரும் கொடுத்தான். ஆனால் முதல் அளவு எடுத்த விதம் இருக்கிறதே! வீட்டுக்காரர் கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டு ரப்பர் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார், பையன் பாட்டுக்குப் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கிவிட்டான். பிரஷரின் மேல் எண் 168 காட்டியது. அதுதான் அவர்கள் கணக்கில் இவருடைய ஆரம்ப அளவு என்று பதிவாகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவள், எனக்கு இது பொறுக்காது. பையன் போனதும் அவரை முதுகு சாய்கிற நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பாதமும் தரையில் பட, கையை மேஜையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, ஐந்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, அப்புறம் எடுத்தேன். 142. ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும் எடுத்தால் 138. அளவு எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் காப்பி கூடாது, மூத்திரம் முட்டிக்கொண்டு இருக்கும்போது எடுக்கக் கூடாது, பேசினால் ஏறும், கை கீழே தொங்கினால் ஏறும். இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். அதைச் செய்யாமல் ஆப்பில் கலர் கலராகக் கோடு போட்டு என்ன பிரயோஜனம்?

பிரஷர் மிஷினில் கையைச் சுற்றுகிற பட்டை விஷயம் இன்னொன்று. என் கை கொஞ்சம் பருமன். பெட்டியோடு வருகிற பட்டை எல்லாருக்கும் ஒரே அளவு. சின்னப் பட்டையைப் பருமனான கையில் இறுக்கிச் சுற்றினால் இருப்பதை விடக் கூடுதலாகத்தான் காட்டும், இது மருத்துவத்தில் ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். பெரிய பட்டை வேண்டுமென்று கேட்டதற்கு முதலில் அப்படி ஒன்று இல்லை என்றார்கள், பிறகு இருக்கிறது என்றார்கள், கடைசியில் 850 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அது வந்த பிறகுதான் என் அளவு வழிக்கு வந்தது. அதற்கு முன்னால் தினம் ஒரு எச்சரிக்கை, தினம் தோஹாவிலிருந்து ஒரு போன். உங்கள் அம்மாவுக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால் மேல்கையின் சுற்றளவை டேப் வைத்து அளந்து முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் எடுக்கிற அளவுக்கு எல்லை 135/85, ஆஸ்பத்திரியில் எடுக்கிற அளவுக்கு 140/90, இந்த வித்தியாசமும் அந்த ஆப்புக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள்.

இனி நல்லதைச் சொல்கிறேன். மொத்தப் பெட்டியிலும் காசுக்கு உரியது எடை மிஷின்தான். பார்த்தால் ஒன்றுமில்லாத சாமான். இதயம் பலவீனமானவர்களுக்கு உடம்பில் நீர் கோர்க்கும், மூச்சு வாங்குவதற்கும் கால் வீங்குவதற்கும் சில நாள் முன்னாலேயே எடை ஏற ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். ஆவணி மாசம் திருவட்டார் பக்கம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், இவர் இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டார். பஸ்ஸில் போகும்போது இறங்கி இறங்கிப் போக முடியாது என்று நீர் மாத்திரையை விட்டுவிட்டார், என்னிடம் சொல்லவும் இல்லை. பந்தியில் பப்படமும் ஊறுகாயும் கேட்டுக் கேட்டு வாங்கியிருப்பார், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வந்த மறுநாள் காலையில் மிஷினில் ஏறினால் 2.3 கிலோ கூடுதல். ஒரு மணி நேரத்துக்குள் நர்ஸ் போன் பண்ணிவிட்டார். 'அப்பா, படுத்தா மூச்சு முட்டுதா? தலையணை எத்தனை வைக்கறீங்க? கணுக்கால்ல விரல வச்சு அமுக்கிப் பாருங்க, குழி விழுதா?' என்று வரிசையாகக் கேட்டார். குழி விழுந்தது. டாக்டர் லைனில் வந்தார், இவருடைய பழைய சீட்டைப் பார்த்து, கிட்னி ரிப்போர்ட் எப்போது எடுத்தது என்று கேட்டு, மூன்று நாளைக்கு மாத்திரையைக் கூட்டச் சொன்னார், நாலாம் நாள் ரத்தம் பார்க்கச் சொன்னார். எடை இறங்கியது. அதற்கு முந்தின வருஷம் இதே மாதிரி ஆனபோது, நாங்கள் கவனித்ததே ராத்திரி மூச்சு முட்டி உட்கார்ந்துகொண்டபோதுதான், ஆறு நாள் ஆஸ்பத்திரி வாசம். இந்த ஒரு விஷயத்துக்காக எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுப்பேன். (மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொன்னால் மட்டும். எங்கள் தெருவில் இதைக் கேட்டுவிட்டு ஒருவர் தானாகவே கூட்டிப் போட்டு, பொட்டாசியம் இறங்கி மயக்கம் வந்து கிடந்தார்.)

ஆனால் இதே கம்பெனி, இதே மிஷின், வேறொரு சமயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குத் தலைவலி, அளவு எடுத்தால் 182/104. ஆப்பில் சிவப்பாக மாறியது, 'எங்கள் குழு விரைவில் தொடர்புகொள்ளும்' என்று ஒரு வரி வந்தது. சனிக்கிழமை யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு போன் வருகிறது, 'அம்மா, வெள்ளிக்கிழமை கொஞ்சம் அதிகமா இருந்துச்சே, இப்ப எப்படி இருக்கீங்க?' என்று. நான் வெள்ளிக்கிழமை ராத்திரியே ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டி, மாத்திரை மாற்றி வாங்கி வந்தாயிற்று. விசாரித்தால்தான் தெரிகிறது, 24 மணி நேரமும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பது மிஷின் அளவை வாங்கி வைத்துக்கொள்கிற நேரமாம். அதை மனுஷர் உட்கார்ந்து பார்க்கிற நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு. இதை ஒப்பந்தத் தாளில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மகனுக்கு அது தெரியாது, அவன் ஆப்பில் ஒரு டிக் அடித்துப் பணம் கட்டினவன்.

என் நாத்தனார் மகள் ஜெர்மனியில் நர்ஸ். லீவுக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு இரண்டு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள், அதைக் கேட்டதும் எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. 2010ல் அமெரிக்காவில் வந்தது ஒன்று. இதயம் பலவீனமான 1,653 பேரில் பாதிப் பேர் தினம் ஒரு போன் நம்பரைக் கூப்பிட்டு, பதிவு செய்த குரல் கேட்கிற கேள்விக்குப் பொத்தானை அமுக்கி எடையையும் மூச்சு எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வழக்கம்போல் டாக்டரைப் பார்ப்பார்கள். ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலும் இறந்ததிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஏழு பேரில் ஒருவர் அந்த நம்பரை ஒரு தடவை கூடக் கூப்பிடவில்லையாம். அடுத்தது ஜெர்மனியில் நடந்தது, 2018ல் வெளியானது, 1,571 பேர். இதில் எடை, பிரஷர், ஈசிஜி, ஆக்சிஜன் எல்லாம் தினம் ஒரு மையத்துக்குப் போகும், அங்கே டாக்டரும் நர்ஸும் ராத்திரி பகல் உட்கார்ந்திருப்பார்கள், நோயாளியின் சொந்த டாக்டரோடும் பேசி மருந்தை மாற்றுவார்கள். அங்கே வித்தியாசம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கழிந்த நாளும் குறைந்தது, வருஷத்துக்கு நூற்றுக்கு 11 பேர் என்றிருந்த சாவு 8 பேருக்குப் பக்கத்தில் வந்தது.

அதாவது மிஷின் எல்லாக் கம்பெனியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணை யார் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு என்ன செய்ய அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது, காசு கொடுப்பது அதற்குத்தான். பெட்டி விற்கிற பையனிடம் அதைக் கேட்டால் ப்ளூடூத் பற்றிச் சொல்லுவான். விடாமல் கேளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அளவு ஏறினால் யார் பார்ப்பார்? அந்த டாக்டரின் பதிவு எண் என்ன? (2020ல் வந்த தொலை மருத்துவ விதிப்படி சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருந்தாக வேண்டும்.) எங்கள் சொந்த டாக்டரிடம் பேசுவாரா? எங்களுக்கு வந்த டாக்டர் நீர் மாத்திரை விஷயத்தில் துணிந்து சொன்னார், ஆனால் மற்ற இதய மாத்திரைகளில் கை வைக்க மாட்டார், 'உங்க திருவனந்தபுரம் டாக்டரைக் கேளுங்க' என்பார். அது நியாயம்தான், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் திருவனந்தபுரம் டாக்டரோ அந்த ஆப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் ஒரு கட்டம் போட்ட நோட்டில் காலை, மாலை அளவை எழுதி, எடைக்கு ஒரு வரைபடமும் போட்டுக் கொண்டுபோனேன், அதை வாங்கி இரண்டு நிமிஷம் ஆற அமரப் பார்த்தார், 'இது மதி டீச்சரே', அதாவது இது போதும் என்று மலையாளத்தில் சொன்னார். இதில் கம்பெனிக்கு ஒரு யோசனை: பத்துப் பக்க ரிப்போர்ட் வேண்டாம், ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், திருவனந்தபுரம் டாக்டரிடம் போய் வருகிற அலைச்சல் குறைந்தது உண்மை. களியக்காவிளை தாண்டி அந்த ரோட்டில் போய், டோக்கன் எடுத்து, காத்திருந்து, திரும்பி வர ஒரு நாள் முழுதும் போய்விடும், 74 வயசுக்காரருக்கு அடுத்த நாளும் போய்விடும். அளவு எல்லாம் சீராக இருந்ததால் மாசா மாசம் போனது மூன்று மாசத்துக்கு ஒரு தடவையாக ஆனது. டாக்டரே சொன்னது.

சாப்பாட்டு அட்டவணை என்று ஒன்று வந்தது. ஓட்ஸ், சப்பாத்தி, பனீர், வெள்ளரிக்காய் சாலட். நாங்கள் சம்பா அரிசிச் சோறும் மீன்கறியும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாப்பிடுகிறவர்கள். மரச்சீனி சுகருக்கு என்ன செய்யும், எவ்வளவு சாப்பிடலாம், நேந்திரம் பழம் ஒன்று முழுசாகவா பாதியா, கருப்பட்டிக் காப்பி நல்லது என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அது சர்க்கரைதானே? இதற்கெல்லாம் அட்டவணையில் பதில் இல்லை. முக்கியமாகக் கருவாடு. உப்பைக் குறையுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் எங்கள் ஆட்கள் குழம்பில் அரை ஸ்பூன் குறைத்துவிட்டு, பக்கத்தில் சுட்ட கருவாடும் நாரத்தங்காய் ஊறுகாயும் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். எங்களுக்கு வந்த நர்ஸ் சென்னைக்காரப் பெண், முதலில் அவருக்கு இது புரியவில்லை, ஆனால் கற்றுக்கொண்டார். இப்போதெல்லாம் எடை ஏறினால் முதல் கேள்வியே 'நேத்து கருவாடு உண்டா அப்பா?' என்பதுதான். இவரும் பொய் சொல்ல மாட்டார், அந்தப் பெண்ணிடம் மட்டும்! இடையில் இரண்டு மாசம் அவர் லீவில் போனபோது வந்த ஆள் இந்தியும் இங்கிலீஷும்தான், தமிழ் ஒரு சொல் தெரியாது. அந்த இரண்டு மாசமும் வீட்டுக்காரர் போனை எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார், நான்தான் மொழிபெயர்த்துக்கொண்டு இருந்தேன். தமிழ் பேசுகிற நர்ஸ் வேண்டும், அதுவும் ஒரே ஆள் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கைப்பட்டையைப் பற்றிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். விழுந்தால் அதிர்ச்சியை வைத்துக் கண்டுபிடிக்கும் என்றார்கள். இவர் பின்னால் போய்ப் பாரையில் தேங்காய் உரித்தார், பட்டை அலறியது. சென்னையிலிருந்து போன், தோஹாவிலிருந்து போன், பக்கத்து வீட்டுக்காரர் மதில் ஏறிக் குதித்து வருகிறார், இவர் கையில் தேங்காயோடு நிற்கிறார். அப்புறம் விறகு கொத்தினால் அலறியது. ஆனால் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து உட்கார்ந்தபோது ஒரு சத்தமும் இல்லை. வயசானவர்கள் பல பேர் அப்படித்தான் விழுகிறார்கள், மடார் என்று விழுவதில்லை. சிவப்புப் பொத்தான் உபயோகம்தான், அதற்காகக் குளிக்கும்போதும் கழற்றாமல் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

பொத்தானை அமுக்கினால் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் அவர்களுடையது ஒன்றும் கிடையாது. சென்னையில் இருக்கிறவர் உங்களுக்குப் போன் பண்ணுவார், எடுக்காவிட்டால் பிள்ளைக்குப் பண்ணுவார், அப்புறம் 108க்குச் சொல்லுவார். எங்கள் வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே, ரப்பர் விளை வழியாக இரண்டு திருப்பம், கூகுள் மேப் காட்டுகிற இடம் குளத்தங்கரை. சென்னைக்காரர் 108க்கு வழி சொல்லி, அவர்கள் குளத்தங்கரையில் வந்து நின்றால்? நாங்களே 108ஐக் கூப்பிடுவதுதான் சீக்கிரம். பக்கத்து வீட்டு நம்பரையும், 'குருசடி (சிலுவை வைத்த சின்னக் கோவில்) தாண்டி இடது பக்கம் ஓட்டு வீடு' என்கிற மாதிரி அடையாளத்தையும் கோப்பில் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தினேன், எழுதினார்கள்.

மழைக்கால விஷயம். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, சித்திரையில் சாயங்காலம் இடி. இடி தொடங்கினதும் மெயினை அணைத்துவிட்டு உட்காருகிற ஊர் இது, டப்பாவுக்குக் கரண்ட் எங்கே? உள்ளே பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருக்கிறது, நான் பார்த்தவரை அவ்வளவு இல்லை. ஒரு இடியில் அடாப்டர் போய்விட்டது, மாற்றிக் கொடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, அந்த நாட்களுக்கு வாடகை குறைக்கவில்லை. தாழ்வான இடத்தில் வீடு இருந்தால் சிம்முக்கு சிக்னல் இருக்காது, குலசேகரம் பக்கம் இருக்கிற என் தங்கை வீட்டில் டப்பாவை மாடி ஜன்னலில் வைத்தால்தான் பச்சை விளக்கு எரியும், மிஷினைத் தூக்கிக்கொண்டு முழங்கால் வலியோடு அவள் மாடி ஏற வேண்டும், ஏறினால் பிரஷர் ஏறும். 2017 நவம்பர் 30ல் ஓக்கி புயல் அடித்த பிறகு நாள் கணக்கில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அப்படி ஒன்று வந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் படுத்துவிடும். அதனால் பேட்டரியில் ஓடுகிற பிரஷர் மிஷினும், நோட்டும் பேனாவும், இரண்டு வாரத்துக்கு மாத்திரையும் வீட்டில் இருக்க வேண்டும். மிஷின் டப்பாவோடு பேசாவிட்டாலும் திரையில் எண் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள், தெரியாத மாடலும் இருக்கிறது.

சுகர் சென்சார் நாங்கள் எடுக்கவில்லை. எதிர்வீட்டு மாமி எடுத்தார், இன்சுலின் போடுகிறவர், மகன் துபாயில். மேல்கையின் பின்பக்கம் ஒட்டுகிற காசு மாதிரி வட்டம், 14 நாள் இருக்கும், அப்புறம் புதுசு. விரலைக் குத்த வேண்டாம் என்பதே மாமிக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு 'சுகர் 54', ரொம்பத் தாழ்வு என்று துபாய் போன் அலறியது. அவன் அம்மாவைக் கூப்பிட, மாமி போனைச் சைலன்ட்டில் போட்டுத் தூங்குகிறார், அவன் எங்களைக் கூப்பிட, நாங்கள் டார்ச் அடித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட, 'என்ன டீச்சரே, ஆராவது செத்துட்டாவளா?' என்று கேட்டுக்கொண்டே திறக்கிறார். விரலைக் குத்திப் பார்த்தால் 118. மறுநாளும் இதே கதை. காரணம் என்னவென்றால், சென்சார் ரத்தத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை, தோலுக்கு அடியில் இருக்கிற திரவத்தில்தான் சர்க்கரையைப் பார்க்கிறது. அந்தக் கையை அழுத்திப் படுத்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, இல்லாத தாழ்வைக் காட்டும். மாமி இடது பக்கம் திரும்பிப் படுக்கிறவர், சென்சாரும் இடது கையில். வலது கைக்கு மாற்றினதும் தொல்லை போனது. இதை விற்கும்போதே சொல்லியிருக்கலாம். சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுவதும் இறங்குவதும் சென்சாரில் சில நிமிஷம் பிந்தித்தான் தெரியும், அதனால் உடம்பு ஒன்று சொல்லி சென்சார் இன்னொன்று சொன்னால் விரலைக் குத்திப் பார்த்துவிட வேண்டியதுதான். அப்புறம் எண்ணெய்! மாமி வாரத்தில் இரண்டு நாள் உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். 14 நாள் சென்சார் ஐந்தாம் நாள் துவர்த்தோடு (துண்டோடு) வந்துவிட்டது. அது சின்னக் காசு இல்லை. எண்ணெய் தேய்க்கிறவர்கள் அந்தக் கையை விட்டுவிட்டுத் தேய்க்க வேண்டும்.

பேரன் பேத்தி இருக்கிற வீட்டில் எடை மிஷினைக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். லீவுக்கு வந்த பேரன் ஏறி நின்று விளையாடி, பாட்டாவின் எடை ஒரே நாளில் 68லிருந்து 31 ஆனது. அன்றைக்கு மட்டும் போன் இரண்டே நிமிஷத்தில் வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இனி யாரும் எழுதாத ஒன்று. இந்தப் பெட்டி வந்த பிறகு மகனோடு பேசுகிற பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் 'அம்மா சாப்பிட்டியா, மழை உண்டா, மாமரம் பூத்திருக்கா' என்று கேட்பான். இப்போது போன் எடுத்ததும் 'ஏன் நேத்து 148?' என்கிறான். ராத்திரி ஒரு தடவை எழுந்திருப்பதும் பட்டையில் பதிவாகிறது, 'அப்பா ஏன் மூணு மணிக்கு நடந்தாரு?' 'வயசானா மூத்திரம் போவாங்க மக்கா' என்று சொன்னேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் பட்டையைக் கழற்றிப் பீரோவில் போட்டுவிட்டார், 'நான் மூத்திரம் போறது கத்தார் வரைக்கும் தெரியணுமா?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. தெருவில் இன்னொரு பெரியவர் இன்னும் சாமர்த்தியசாலி, அளவு கூடும் என்று தெரிந்த நாளில் மனைவியை உட்கார வைத்துத் தன் பெயரில் அளவு அனுப்பிவிடுவார். பிள்ளை திட்டுவான் என்று பயம். மிஷினுக்கு யார் கை என்று தெரியாது. பிள்ளைகளே, எண் ஏறினால் அதட்டாதீர்கள், அதட்டினால் அடுத்த எண் பொய்யாகத்தான் வரும். எங்கள் வீட்டில் இப்போது நர்ஸுக்கு எல்லாமே போகும், மகனுக்குச் சிவப்பு எச்சரிக்கை மட்டும் போகும். ஆப்பில் அப்படி மாற்ற முடியும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் செய்து தருவார்கள். மகனும் முதலில் முகம் சுருங்கினான், அப்புறம் மாமரத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

இவ்வளவு காசு எல்லாருக்கும் முடியாது, எல்லாருக்கும் தேவையும் இல்லை. பிரஷரும் சுகரும் மட்டும், அதுவும் கட்டுக்குள் இருக்கிறது என்றால் மாதம் 2,400 வீண் என்றே சொல்லுவேன். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்தால் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார், காசு கிடையாது. எங்கள் பக்கம் வருகிற பெண்ணுக்கு எந்த வீட்டில் யார் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பார் என்பது வரை தெரியும், எந்த ஆப்புக்கு அது தெரியும்? ஆனால் அவர் மாதம் ஒரு தடவைதான் வருவார், இதயம் பலவீனமானவருக்கு மாதம் ஒரு தடவை போதாது. அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேருகிற, நீர் கோர்க்கிற, இன்சுலின் போட்டுத் தனியாக இருக்கிற ஆட்களுக்குத்தான் இந்தச் சேவை. வீட்டில் அளவு எடுக்க ஒருவராவது நிதானமாக இருக்க வேண்டும் என்பதும் உண்டு. மறதி நோய் இருக்கிறவர் தனியாக இருக்கிற வீட்டில் இந்தப் பெட்டி மூலையில்தான் கிடக்கும், அங்கே தேவை ஆள்.

வருஷம் முடிந்ததும் நாங்கள் முழுப் பெட்டியைப் புதுப்பிக்கவில்லை. எடை மிஷின், டப்பா, அதே நர்ஸ், இதை மட்டும் வைத்துக்கொண்டு பேரம் பேசி 1,300 ரூபாய்க்குக் குறைத்தோம். அப்படி ஒரு திட்டம் அவர்கள் தாளில் கிடையாது, முழுசாக நிறுத்தப் போகிறோம் என்று சொன்ன பிறகுதான் முளைத்தது. பிரஷர் மிஷின் சொந்தமாக வாங்கிவிட்டோம். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், அந்த நர்ஸுக்குத் தனியாகக் கேட்டால் ஐந்துக்கு ஐந்து.

முன்பணம் திரும்ப வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், சாமான் வந்த அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லையென்று எங்களிடம் 500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். தெர்மாகோலில் மாமியின் கோழி முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது.